ஏற்காடு ஏறும் பெட்ரோல் ஜீப்: ஹரிக்கேன் எஞ்சின் வேலை, அளவுகளோடு

வண்டி மகிந்திரா சி.ஜே. 3பி. நம்ம பக்கம் 'ஹை பானெட்' என்று சொல்லும் பழைய பெட்ரோல் ஜீப். பானெட் அவ்வளவு உயர்ந்து நிற்பதற்குக் காரணமே உள்ளே இருக்கும் ஹரிக்கேன் எஃப்4-134 எஞ்சின்தான். இன்லெட் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில், ஹெட்டின் தலைமேல் கார்புரேட்டர். நாலு சிலிண்டர், போர் (சிலிண்டர் விட்டம்) 3.125 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 4.375 அங்குலம், 2,199 சி.சி. பின் சீட்டை எடுத்துவிட்டுத் தொட்டி கட்டிய எஸ்டேட் வண்டி இது. தினமும் ஏற்காட்டிலிருந்து இறங்கி, சேலம் அடிவாரத்துக் கோரிமேட்டில் சாமான் ஏற்றிக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவையும் லோடோடு திரும்ப ஏற வேண்டும்.

டீசல் எஞ்சினைத் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றுதான் எல்லாப் பட்டறையிலும் சொல்வார்கள். டீசல் போட்டால் முன்பக்கம் எடை கூடும், ஸ்பிரிங் பட்டை சேர்க்க வேண்டும், மவுண்டிங் வெட்டி ஒட்ட வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சினையும் எரிபொருளையும் மாற்றி எழுத ஆர்.டி.ஓ. அலுவலகம் அலைய வேண்டும். அதைவிட, கூடவே பிறந்த எஞ்சினை ஒழுங்காகக் கட்டுவது லாபம். ஆனால் இதில் வேகத்தைத் தேடக் கூடாது. ஸ்ட்ரோக் நீளம் 111 மி.மீ.; 5.38 பல் விகித ஆக்சிலும் 6.00-16 டயரும் போட்ட வண்டி 70 கி.மீ. வேகத்தில் ஓடினாலே எஞ்சின் ஏறக்குறைய 2,850 சுற்றில் இருக்கும். அந்தச் சுற்றில் பிஸ்டன் வேகம் வினாடிக்குப் பத்தரை மீட்டர். மூணே மூணு மெயின் பேரிங் உள்ள கிராங்குக்கு அதற்கு மேல் தினசரி வேலை கொடுப்பது நல்லதல்ல. அதனால் இங்கே செய்த மேம்பாடு எல்லாம் சூடு, ஆயில், பற்றவைப்பு, பெட்ரோல் ஆகிய நாலைச் சுற்றியே இருக்கும்.

பிரிப்பதற்கு முன்

மலை வண்டியின் புகை நிறைய சொல்லும். ஏறும்போது நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்மானம். இறங்கி அடிவாரம் வந்து, காலை எடுத்திருந்த ஆக்சிலேட்டரை மறுபடி மிதித்ததும் ஒரு குபீர் நீலப் புகை வந்து நின்றுபோனால் இன்லெட் வால்வு கைடு (வால்வுத் தண்டு ஓடும் குழல்) தேய்மானம். கியரில் இறங்கும்போது திராட்டில் மூடியிருக்கும், மேனிஃபோல்டில் வெற்றிடம் அதிகம். ராக்கர் பக்கத்து ஆயிலை கைடு வழியாக உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இந்த வண்டி இரண்டு புகையும் விட்டது.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்ததில் ஒன்று முதல் நாலு வரை 95, 90, 65, 95 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால் 115, 112, 70, 114. மற்ற மூன்றும் ஏறி, மூன்றாவது மட்டும் ஏறவில்லை என்றால் அங்கே ரிங்கோடு வால்வும் போயிருக்கிறது. திறந்து பார்த்தபோது மூன்றாம் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் நகக்கண் அளவுக்கு எரிந்த பள்ளம்.

அந்த ஒளிந்திருக்கும் போல்ட்

ஹெட் கழற்றும்போது வெளியே தெரியும் எல்லாவற்றையும் எடுத்த பிறகும் ஹெட் அசையாது. ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்து ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உண்டு. இந்த எஞ்சினில் இன்லெட் மேனிஃபோல்டு ஹெட்டோடு சேர்த்தே வார்த்தது. கார்புரேட்டரைக் கழற்றி அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு ஹெட் போல்ட் உட்கார்ந்திருக்கும், பெட்ரோல் கறை படிந்து கறுப்பாக. சாக்கெட்டும் எக்ஸ்டென்ஷனும் விட்டால்தான் எட்டும். மாட்டும்போதும் இதே கதை: கார்புரேட்டரை மாட்டிய பிறகு ரீ-டார்க் (போல்ட்டை மறுபடி அளவாக இறுக்குவது) செய்பவர்கள் இதை மட்டும் விட்டுவிடுவார்கள், கொஞ்ச நாளில் பேக்கிங் நடுவில் ஊதிவிடும்.

எக்ஸாஸ்ட் வால்வை எடுக்கப் பக்கவாட்டு மூடியைக் கழற்ற வேண்டும். உள்ளே தரையில் ஆயில் வடியும் ஓட்டைகள் இருக்கின்றன. துணியை உருட்டி அவற்றை அடைத்துவிட்டு ஸ்பிரிங்கில் கை வையுங்கள். வால்வு லாக் கையிலிருந்து நழுவினால் நேராக ஆயில் சேம்பருக்குள் போகும்.

பிளாக்

கழுவும் வேலைக்குத்தான் அதிக நேரம் போனது. பக்கத்து சீல் தட்டுகள் எல்லாவற்றையும் எடுத்தால்தான் வாட்டர் ஜாக்கெட்டின் உள்ளே எட்டும். நாலாம் சிலிண்டருக்குப் பின்னால் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகி, கம்பியால் குத்தினால் கல்லைக் குத்துவது போலச் சத்தம். பல வருடம் போர்வெல் தண்ணீர் ஊற்றியதன் பலன். தண்ணீர் சுற்றாத இடத்தில்தான் எக்ஸாஸ்ட் வால்வு எரியும். வால்வை மட்டும் மாற்றிவிட்டு ஜாக்கெட்டை விட்டால் ஒரே வருடத்தில் அதே சிலிண்டருக்குத் திரும்ப வருவீர்கள்.

கழுவிய பிறகு டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்து, எக்ஸாஸ்ட் சீட்டுக்கும் சிலிண்டர் போருக்கும் இடையிலுள்ள சின்னப் பாலத்தைப் பாருங்கள். இந்தப் பிளாக் விரிசல் விடும் இடம் அதுதான். விரிசல் போருக்குள் இறங்கியிருந்தால் அந்தச் சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டாக வேண்டும். இதில் விரிசல் இல்லை. சீட் ரிங் நாலும் கெட்டியாக இருந்தன. மூன்றாவது மட்டும் குழிந்திருந்ததால் எடுத்துவிட்டுப் புதிது அழுத்தினோம்.

அளவு: ஏற்கெனவே 20 தௌ ஓவர்சைஸ். (லேத்காரர்கள் சொல்லும் ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) மேலே ரிங் நிற்கும் இடத்துக்கும் கீழுக்கும் 8 தௌ வித்தியாசம். 30-க்குப் போர் அடித்தாயிற்று; அத்தோடு கொள்ளளவு ஏறக்குறைய 2,241 சி.சி. இதற்கு மேல் 40 வரைதான் இடம் உண்டு. சேலத்தில் லாரி எஞ்சின் வேலை பார்க்கும் நல்ல லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை, ஆனால் அவர்கள் கை டீசலுக்குப் பழகிய கை. பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, அந்தந்த பிஸ்டனை அளந்து அந்தந்த சிலிண்டரை அடிக்கச் சொல்லுங்கள். முக்கால் அங்குல அகலமுள்ள 3 தௌ ஃபீலர் பட்டையை பிஸ்டனோடு சேர்த்துப் போருக்குள் விட்டு, ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்தால் 5 முதல் 10 பவுண்டு காட்ட வேண்டும். தராசு இல்லாமல் 'கை பதம்' பார்ப்பது இந்த பிஸ்டனுக்கு ஆகாது. இறுக்கமாக விட்டால் பத்தாவது வளைவுக்குள் பிடித்துக்கொள்ளும்.

ஹோனிங் முடிந்த போரை பெட்ரோலில் கழுவக் கூடாது. பெட்ரோல் எண்ணெயைத்தான் எடுக்கும், கல் தூளை உள்ளேயே விட்டுவிடும். வெந்நீரும் துணி சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை வேட்டித் துணியில் ஆயில் தொட்டுத் துடையுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். எங்களுக்கு ஏழாவது துணியில் வந்தது.

கிராங்க், ராடு

ராடு ஜர்னல் புதிதில் 1.9375 அங்குலம். இது 10 தௌ கீழே இருந்தது, அதிலும் முட்டை வடிவம் இரண்டரை தௌ. 20-க்கு கிரைண்டிங் செய்து 1.9175. கிரைண்டிங் முடிந்து வந்ததும் இரண்டு இடம் பாருங்கள். ஜர்னலின் ஓரம் வளைவாக இருக்கிறதா, செங்குத்தாக வெட்டியிருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பாருங்கள். செங்குத்து மூலையாக விட்ட கிராங்க் அந்த மூலையில்தான் உடையும். அடுத்தது ஆயில் ஓட்டை: விளிம்பு கூராக இருந்தால் பேரிங் ஷெல்லைச் சுரண்டும், லேசாகச் சரித்துவிட வேண்டும். பிறகு எல்லா ஆயில் துளையிலும் கம்பி பிரஷ் விட்டு, மண்ணெண்ணெய் ஊற்றி, காற்றடித்து எடுங்கள்.

பிளாஸ்டிகேஜ் நூல் (நசுங்கும் அகலத்தால் பேரிங் இடைவெளியைக் காட்டுவது) வைத்துப் பார்த்ததில் மெயின் ஒன்றரை முதல் 2 தௌ, ராடு ஒன்று முதல் ஒன்றரை தௌ. எண்ட் பிளே (கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி) 4 முதல் 6 தௌ இருக்க வேண்டும். கிராங்க் கியருக்குப் பின்னால் உள்ள ஷிம்மில்தான் அதைச் சரிசெய்வது. இறுக்கம் மெயின் கேப் 65–75 அடி-பவுண்டு, ராடு 35–45.

ராடுகள் நடு மத்தியில் இல்லை, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். குறுகிய பக்கம் அருகிலுள்ள மெயின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டாலும் போல்ட் உட்காரும், எஞ்சினும் சுற்றும். ஆனால் ராடு கிராங்கின் கன்னத்தில் உரசி, சில நூறு கிலோமீட்டரில் சத்தம் ஆரம்பிக்கும்.

பின் மெயின் சீல் பழைய கயிறு. கயிறு ஒழுகாமல் இருந்த ஜீப் உலகத்தில் இல்லை. அதே இடத்தில் உட்காரும் ரப்பர் உதட்டு சீல் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். கேப்பின் இருபக்கத்திலும் நுழைக்கும் ரப்பர் பேக்கிங் கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சேம்பரை இறுக்கும்போது அது நசுங்கித்தான் அடைக்கும். நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று பிளேடால் வெட்டிவிட்டால் கிளட்ச்சில் ஆயில்.

டைமிங் கியர், வால்வு

கேம் கியர் ஃபைபர், கிராங்க் கியர் இரும்பு. இரண்டின் பல்லுக்கும் ஆயில் பீச்ச ஒரு பொடி ஜெட் இருக்கிறது. அது அடைத்தால் ஃபைபர் பல் உதிரும், வண்டி நடுவழியில் ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கும். மெல்லிய கம்பி விட்டுச் சுத்தம் செய்து, காற்றடித்து, எதிரே விரல் வைத்துப் பார்த்த பிறகே மூடினோம்.

டேப்பட் இடைவெளி எக்ஸாஸ்ட் 16 தௌ, இன்லெட் 18 தௌ, இரண்டும் எஞ்சின் ஆறிய நிலையில். இதை மாற்றி ஞாபகம் வைத்துக்கொள்பவர்கள் அதிகம், பானெட்டின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதிவிடுவது நல்லது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மாட்டுவதற்கு முன்பே எக்ஸாஸ்ட் டேப்பட்டை முடித்துக்கொள்ளுங்கள், மாட்டிய பிறகு கை நுழையாது. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. நாலாம் சிலிண்டரின் இரண்டு வால்வும் சேர்ந்து ஆடும் நேரத்தில் ஒன்றாம் சிலிண்டரை வையுங்கள். இரண்டு ஆடும்போது மூன்றை, ஒன்று ஆடும்போது நாலை, மூன்று ஆடும்போது இரண்டை.

இன்லெட் கைடு நாலும் புதிது, மேலே ரப்பர் சீலும் சேர்த்தாயிற்று. எக்ஸாஸ்ட் கைடுக்கு சீல் வேண்டாம்.

ஆயில் பம்ப் கொடுத்த தலைவலி

பம்ப் வெளியே பக்கவாட்டில் மாட்டுவது, கேமிலிருந்து ஓடுவது. அதன் தண்டின் வெட்டில்தான் டிஸ்ட்ரிபியூட்டரின் நாக்கு உட்காரும், வெட்டு நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். எனவே பம்ப்பை ஒரு பல் தள்ளி மாட்டினால் டிஸ்ட்ரிபியூட்டர் முழுக்கத் திருப்பினாலும் டைமிங் வராது. ஒன்றாம் சிலிண்டரை கம்ப்ரஷன் மேலிடத்தில் நிறுத்தி, ரோட்டர் ஒன்றாம் வயர் பக்கம் காட்டுமாறு பம்ப்பை நுழைக்க வேண்டும். மூன்று முறை எடுத்து மாட்ட வேண்டி வந்தது. கியர் உள்ளே போகும்போது சாய்வுப் பல்லால் கொஞ்சம் சுழலும். அந்தச் சுழற்சிக்கு முன்கூட்டியே விட்டுப் பிடிக்க வேண்டும்.

முதல் ஸ்டார்ட்டில் பிரஷர் 15 பிஎஸ்ஐ-க்கு மேல் ஏறவில்லை. ஸ்பிரிங்கைக் குறை சொல்லத் தோன்றும், காரணம் பேக்கிங். பம்ப் மூடிக்கு அட்டையில் கையால் வெட்டிப் போட்ட பேக்கிங் தடிமன் கூடிவிட்டது. மூடிக்கும் ரோட்டருக்கும் இடையே ஆயில் திரும்பி வழிந்துகொண்டிருந்தது. இந்த பேக்கிங் ஒழுகலை அடைப்பதோடு இடைவெளியையும் நிர்ணயிக்கிறது. ரெடிமேட் மெல்லிய பேக்கிங் போட்டதும் ஆறிய எஞ்சினில் 45, சூடான பிறகு 2,000 சுற்றில் 36, ஐடிலில் 12. மாட்டும் முன் பம்ப்புக்குள் ஆயில் நிரப்ப மறக்காதீர்கள். காய்ந்த பம்ப் உறிஞ்சாது.

ஃபில்டர் பைபாஸ் வகை, ஆயிலில் ஒரு பகுதிதான் அதன் வழியே போகும். ஆகவே 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். சேம்பருக்கு சுமார் 3.8 லிட்டர், ஃபில்டரோடு 4.7. போட்டது 15டபிள்யூ-40 சிஐ-4 டீசல் ஆயில். பழைய தட்டை டேப்பட்டுக்குத் துத்தநாகக் கலப்பு தேவை, இன்றைய கார் பெட்ரோல் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள்.

சூடு

ரேடியேட்டர் கோர் புதிது, ஃபேனைச் சுற்றித் தகட்டில் ஷ்ரவுடு (காற்றை ரேடியேட்டர் வழியே இழுக்க வைக்கும் கூடு). இரண்டாம் கியரில் மெதுவாக ஏறும்போது வண்டி வேகத்தால் காற்று வராது, ஃபேன் இழுப்பதுதான் காற்று. ஷ்ரவுடு இல்லாத ஃபேன் பாதிக் காற்றைப் பக்கவாட்டில் வீணாக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்ம ஊர் மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். வேண்டாம். மார்கழி காலையில் ஏற்காட்டில் கிளம்பி இறக்கத்திலேயே போகும் வண்டி கோரிமேடு வரை சூடே ஆகாது. சிலிண்டர் சுவரில் பெட்ரோல் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. தண்ணீர் காய்ச்சி வடித்தது, கூலண்ட் பாதிக்குப் பாதி.

பெட்ரோலும் உயரமும்

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்க வேண்டும். இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோ எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும், இ20-க்கு 13.6 அளவே போதும். காற்று அதேதான், ஆக பெட்ரோல் ஏறக்குறைய 8% கூடப் போக வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பழையபடியே வைத்தால் கலவை அவ்வளவு வறண்டுவிடும். வறண்ட கலவை, லோடு, ஏற்றம் மூன்றும் சேர்ந்தால் எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கெட்ட காலம்.

மறுபக்கம், சேலம் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500 மீட்டர். மேலே காற்றின் அடர்த்தி பத்து பன்னிரண்டு சதவீதம் குறைவு. கார்புரேட்டர் இதை முழுதாகக் கண்டுகொள்ளாது. கலவை தானாக 6% அளவுக்குக் கொழுத்துவிடும். அதாவது பழைய ஜெட்டோடு இ20 ஓட்டினால் ஏற்காடு ஒண்டிக்கடையில் கலவை ஏறக்குறைய சரி, அடிவாரத்தில் வறட்சி. மேலேயே ஓடும் வண்டி நன்றாக ஓடுகிறது என்று ஜெட்டை விட்டுவைத்தால், சிக்கல் கீழே இறங்கி லோடு ஏற்றியதும் முதல் ஐந்து வளைவுகளில்தான் தெரியும்.

சோலெக்ஸ் மெயின் ஜெட்டில் 125 இருந்தது. 8% கூடுதல் பரப்புக்கு விட்டம் நாலு சதவீதம் கூடினால் போதும், 130 போட்டோம். 135-ம் போட்டுப் பார்த்ததில் கீழே அருமை, மேலே பிளக் கரி. 130-இல் அடிவாரத்தில் பிளக் பிஸ்கட் நிறம், மேலே கொஞ்சம் கறுப்பு. லோடு கீழிருந்து ஏறும் வண்டிக்கு அதுதான் பாதுகாப்பான பக்கம்.

ஜெட்டோடு முடியவில்லை. எத்தனால் பழைய ரப்பரைத் தின்னும். பெட்ரோல் பம்ப் டயஃப்ரம், நீடில் வால்வு நுனி, எல்லா ஹோஸும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்ற வேண்டும். டேங்க்கில் உள்ள பழைய பிசினையும் அது கரைத்துக் கொண்டுவரும். முதல் மாதம் கண்ணாடி ஃபில்டர் வைத்து வாரம் ஒருமுறை பாருங்கள். பெட்ரோல் லைன் எக்ஸாஸ்டுக்கு அருகில் போனால் நடுவில் தகடு வையுங்கள், இல்லாவிட்டால் ஏற்றத்தில் வண்டி நின்றதும் லைனில் ஆவி கட்டிக்கொள்ளும்.

பற்றவைப்பு

பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல். அதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் புஷ் ஆட்டத்தையும் உள்ளே துருப்பிடித்திருந்த அட்வான்ஸ் வெயிட்டுகளையும் சரிசெய்தாயிற்று. அதைச் செய்யாமல் மாட்யூல் போடுவது வீண் செலவு. டைமிங் குறிப்பு, பிஸ்டன் மேலிடம் வருவதற்கு முன் 5 டிகிரி. மேலே காற்று இளைப்பு, இ20-க்கு நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) தாங்கும் சக்தியும் கூடுதல், ஆகவே 8 வைத்தோம். முழு லோடில் கீழ் வளைவுகளில் டக் டக் சத்தம் இல்லை. பிளக் இடைவெளி 30 தௌ. டைனமோ போய் 12 வோல்ட் ஆல்டர்நேட்டர். பழைய பாயிண்ட் செட் (20 தௌ) டேஷ்போர்டில் ஒரு டப்பாவில் கிடக்கிறது. மாட்யூல் போனால் அடிவாரம் வரை அதுதான் கொண்டுவரும்.

ஓட்டிப் பார்த்தது

ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடவில்லை. புது டேப்பட்டுக்கு ஆயில் தெறித்து விழ, 20 நிமிடம் 1,500-க்கும் 2,000-க்கும் இடையில் ஏற்றி இறக்கி ஓட்டினோம். ஆறியதும் ஹெட் ரீ-டார்க், 65 அடி-பவுண்டு, ஒளிந்த போல்ட்டையும் சேர்த்து. முதல் 300 கி.மீ. தொட்டி காலி, ஆனால் மலை ஏற வேண்டும். சமவெளியில் பொத்திப் பொத்தி ஓட்டினால் ரிங் உட்காராது. 300-இல் ஆயில் மாற்றும்போது சேம்பரில் மெல்லிய சாம்பல் பொடி இருந்தது, துகள் இல்லை.

800 கி.மீ.யில் கம்ப்ரஷன் 128, 126, 127, 128. லோடோடு ஏறி மேலே வந்தபோது வெப்பமானி 92-ஐத் தாண்டவில்லை. இறங்கிவந்து மிதித்தால் புகை இல்லை. டேப்பட் பார்த்ததில் மூன்றாம் எக்ஸாஸ்ட் மட்டும் 16-லிருந்து 13-க்கு வந்திருந்தது. புது சீட் ரிங் படிந்து வால்வு கீழிறங்கியதால். திரும்ப 16 வைத்தாயிற்று. 2,000-இல் மறுபடி குறைந்திருந்தால் சீட் ரிங் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், அப்போது ஹெட்டை எடுத்தே ஆக வேண்டும்.